தானாக அசைந்த சிவப்பு ஃபேடர்

மணி ஒன்று ஐம்பது. நான்கு மணிக்கு ஒரு மனிதரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திச் சிறைக்கு அனுப்பப் போகிறார்கள். ஸ்டெப்னியின் கார் மூன்றாவது சிக்னலிலும் மாட்டிக்கொண்டு உறுமியது.

இங்கே ஸ்டெப்னி என்பது டிக்கியில் கிடக்கும் சக்கரம் அல்ல, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஆள். துப்பறியும் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவனுடைய அண்ணன். அவர் கப்பல் வேலைக்குப் போனதும் அண்ணி அந்த இடத்துக்கு வந்தாள். கூரியர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தனும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டான். "ஒரு சக்கரம் கழண்டதும் மாட்டின சக்கரம்" என்று நாற்பத்திரண்டு வயதில் தன்னை அவனே அறிமுகப்படுத்திக்கொள்வான். அண்ணியைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். காவல் நிலையத்தில் மட்டும் மேடம்.

பின் இருக்கையில் இருந்தவள் கைப்பேசியைத் திருப்பித் திருப்பி மணி பார்த்தாள். வானொலி நிலையத்தில் செய்திப் பிரிவில் வேலை பார்ப்பவள். நேற்றுக் கைதானது அவளுடைய கணவர்.

பாட்டுகளை மிக்ஸ் செய்பவர் அவர். இருபது வருடமாகத் துறையில் அவர் பெயரே 'காது'. பாடகி பாட்டுத் தாளைப் புரட்டும்போது அது சலசலத்தால்கூடப் பாட்டை நிறுத்திவிடுவார் என்று சொல்வார்கள்.

நடந்ததை அவள் காரிலேயே சொல்லி முடித்தாள். ஸ்டுடியோவின் மாடியில் மிக்ஸிங் அறை, கீழே பதிவு டிஸ்க்குகளை வைக்கும் அறை, இரண்டையும் இணைக்கும் பின்படிக்கட்டு. நேற்றுக் காலை பதினொன்று பத்து வரை முதலாளி போனில் பேசியிருக்கிறார். பதினொன்று முப்பதுக்கு டிஸ்க் அறையில் மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் மைக் ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகம். இன்னும் வெளியாகாத பாட்டுகள் இருந்த ஒரு டிஸ்க்கைக் காணோம். கதவுப் பூட்டில் தொங்கியது, வரவேற்பறை ஆணியில் மாட்டியிருக்கும் காதின் சாவி. போதாக்குறைக்கு, போன வாரம் எல்லார் முன்னாலும் இருவருக்கும் வாக்குவாதம். பாட்டு இப்போதெல்லாம் ஊசி மாதிரி குத்துகிறது, உனக்குக் கேட்கிறதா இல்லையா என்று முதலாளி கேட்டிருக்கிறார். காது பதில் சொல்லாமல் கதவை அறைந்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது முதலாளி மருத்துவமனையில், நினைவு திரும்பவில்லை.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்றாள் அண்ணி.

"பத்தே முக்கால்ல இருந்து மிக்ஸிங் டேபிள்லதான் இருந்தேன்னு. வேற ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

ரேடியோக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவர் அடிக்கலங்க. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

சிக்னல் பச்சையானது. ஸ்டெப்னி பாய்ந்தான். நிச்சயமாகத் தெரியும் என்று சொல்கிற மனைவிகளை அண்ணி நிறையப் பார்த்திருக்கிறாள். பெரும்பாலும் அவர்கள் நம்புகிறார்கள், அவ்வளவுதான். இவள் குரலில் இருந்தது நம்பிக்கை மாதிரித் தெரியவில்லை.

மிக்ஸிங் அறைக்கு வைத்த சீலை உடைத்துத் திறந்துவிட்டு இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றார். நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு வைத்த சீல். அதன் பிறகு யாரும் உள்ளே போகவில்லை. மேடத்துக்கு மூன்று மணி வரைக்கும் நேரம், ஒரிஜினல் எதையும் தொடக் கூடாது, நகல் எடுத்துப் பார்க்கலாம் என்றார். பழைய ஒரு வழக்கில் அண்ணி அவர் மானத்தைக் காப்பாற்றியிருந்தாள். அந்தக் கடன் அவர் முகத்தில் பல்வலி மாதிரித் தெரிந்தது.

அறை சின்னது. சுவரில் கதவைப் பார்த்தபடி பெரிய திரை, கீழே மேசையில், ஒலியை ஏற்றி இறக்கும் நெம்புகளான ஃபேடர்கள் எட்டு கொண்ட பலகை. கதவில் ஒரு கை அகலத்துக்குக் கண்ணாடி. அதன் வழியாகச் சாதாரணமாகப் பார்த்தால் திரை மட்டும் தெரியும். நாற்காலி தெரியவேண்டுமானால் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டி இடது பக்கம் எட்டிப் பார்க்கவேண்டும். ஸ்டெப்னி ஒட்டிப் பார்த்துச் சொன்னான். கண்ணாடியில் அவன் மூக்கு பதிந்தது.

தரை துடைக்கும் அம்மா முதலில் வந்தாள். நேற்றுத் துடைத்துக்கொண்டே போனபோது திரையில் சிவப்பாக இருப்பது ஏறி இறங்கியதைப் பார்த்தாளாம். மணி பதினொன்று இருபது இருக்கும். மற்றதெல்லாம் நீலமும் பச்சையும், சிவப்பு ஒன்றுதான், அதனால் கண்ணில் பட்டது. சார் வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். ஆளைப் பார்த்தாயா என்றதற்கு உதட்டைப் பிதுக்கினாள்.

"சிவப்புதான் பாடகியோட குரல்" என்றாள் ரேடியோக்காரி மெதுவாக.

வராந்தாவில் நின்று இதைக் கேட்டுவிட்டு அடுத்து வந்தவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி அவரை மச்சான் என்று கூப்பிடப் போய், அதுவே பெயராகி, அலுவலகம் முழுக்க அவர் 'மச்சான் சார்'.

"இவரை நான் எப்படிக் கூப்பிடணும்? சம்பந்தம் பண்ணாமலே சம்பந்தி ஆயிடுவேன் போலிருக்கே" என்று முணுமுணுத்தான் ஸ்டெப்னி.

மச்சான் நல்ல உடை, நல்ல வாசனை, நல்ல துக்கம். விருந்தாளிகளை அழைத்துவந்து ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. அந்தப் பழக்கத்திலேயே ஆரம்பித்தார். அந்த அம்மா பொய் சொல்லவில்லை, பாவம், விஷயம் தெரியாது என்றார். ஃபேடர் அசைந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. இன்ஸ்பெக்டரின் அனுமதியோடு நகலைத் திறந்து பாட்டை ஓடவிட்டார்.

பலகையில் எட்டு ஃபேடர்களும் தாமாக எழுந்தன. டிரம்ஸ் ஏறியது, வயலின்கள் பணிந்தன, சிவப்புப் பட்டை ஒட்டியது மெல்ல மேலே வந்து நின்றது. யாருடைய விரலும் படவில்லை. ஸ்டெப்னி ஒரு அடி பின்வாங்கி அண்ணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"உள்ளே மோட்டார்" என்றார் மச்சான் பெருமையாக. "நேத்து நான் கண்ணாடியில முகத்தை வச்சுப் பார்த்தேன். இதே மாதிரி எல்லாம் தானா ஆடிட்டு இருந்துச்சு. சேர் காலி. பாட்டை ஓடவிட்டுட்டு ஆள் கீழே போயிருக்கார். நம்ம வீட்டு மனுஷன் மாதிரி நினைச்சிருந்தோம் மேடம்."

ரேடியோக்காரி அவரையே பார்த்தாள். கண்ணில் நீர் இல்லை, கோபம்தான் இருந்தது. வாய் திறந்து, மூடிக்கொண்டது. அண்ணி அதைக் கவனித்தாள்.

"எத்தனை தடவை பார்த்தீங்க?" என்றாள் மச்சானிடம்.

ஒரு தடவை என்றால் இன்ஸ்பெக்டருக்குப் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, மச்சான் இரண்டு தடவை என்றார். பதினொன்று ஐந்துக்கு ஒரு தடவை, இருபதுக்கு ஒரு தடவை. பதினொன்று ஐந்து எப்படி நினைவிருக்கிறது? அப்போதுதான் வரவேற்பறைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மாடி ஏறினாராம்.

"ரெண்டு தடவையும் சிவப்பு அசைஞ்சுதா? இல்ல, மத்தது மட்டுமா?"

"சிவப்பும்தான். அதுதான் நல்லா ஆடிச்சு. ரெண்டு தடவையும் சேர் காலி."

அண்ணி அதை எழுதி, இன்ஸ்பெக்டரிடம் நீட்டி, சரியா என்று கேட்டு அவரையும் படிக்கவைத்தாள். மச்சான் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்.

மணி இரண்டு நாற்பது.

"இப்ப எனக்கு இந்த மிஷினைச் சொல்லிக்கொடுங்க" என்று ரேடியோக்காரியை நாற்காலியில் உட்காரவைத்தாள் அண்ணி. மச்சானும் இன்ஸ்பெக்டரும் வராந்தாவில் காபிக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

அவள் நகலில் ஒரு வெற்றுக் குரல் தடத்தை எடுத்தாள். பாட்டு ஓடும்போது ஃபேடரை ஏற்றி இறக்கினால் அந்த அசைவு ஒரு கோடாகத் திரையில் பதியும் என்றாள். அடுத்த தடவை ஓடும்போது ஃபேடர் அந்தக் கோட்டின்படி தானே நடக்கும். எப்படிப் பதிவது, எப்போது பதிவது என்பதற்குச் சில முறைகள். ரீட் என்று வைத்தால் எழுதியதைப் படித்து நடக்கும், புதிதாக எதுவும் எழுதாது.

"கல்யாணமான ஆம்பளை" என்றான் ஸ்டெப்னி. "எழுதி வச்சபடி ஏறி இறங்குவான். சொந்தமா ஒண்ணும் கிடையாது."

ரைட் என்று வைத்தால் பாட்டு ஓடத் தொடங்கியதிலிருந்து நிறுத்தும் வரை பழைய கோடு முழுக்க அழிந்து, புதிதாக எழுதப்படும், கை வைத்தாலும் வைக்காவிட்டாலும். அதனால் அதை யாரும் அவ்வளவாகத் தொடமாட்டார்கள். டச் என்று வைத்தால் விரல் பட்டிருக்கும் வரைதான் எழுதும். விரலை எடுத்ததும் ஃபேடர் பழைய கோட்டுக்கே திரும்பிவிடும்.

"என் டயட். பிடிச்சிட்டு இருக்கிற வரைக்கும் குறையும். விட்டா பழைய இடம்."

"லாட்ச்ல, தொட்டதும் எழுத ஆரம்பிக்கும். கையை எடுத்தாலும் விட்ட இடத்துலயே நிக்கும். பாட்டை நிறுத்துற வரைக்கும் அப்படியே எழுதிட்டுப் போகும்."

"மாமியார். ஒரு தடவை ஏறிட்டாங்கன்னா யாராவது வந்து நிறுத்தணும்."

ரேடியோக்காரிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் தடவையாக இருக்கும். எந்த முறையானாலும் சரி, கோடு பதிவதைக் காட்டுகிறேன் என்று பாட்டை ஓடவிட்டு, விரலால் ஃபேடரை ஏற்றி, கையை எடுத்தாள். ஃபேடர் ஏறிய இடத்திலேயே நின்றது. அண்ணியின் பார்வை ஃபேடரில் இல்லை, அவளுடைய இடது கையில் இருந்தது. எந்த முறை என்று யோசிக்காமல், திரையைக்கூடப் பார்க்காமல் அந்தக் கை தேர்ந்தெடுத்தது லாட்ச்.

அண்ணி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"ரீட்ல இருக்கு. ஆனா இன்னும் யாருமே கோடு எழுதல. அப்ப ஃபேடர் என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. வச்ச இடத்துல கல்லு மாதிரி நிக்கும்." ஒரு நொடி நிறுத்தி, "மென்பொருள் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தானே ஒரு நகல் எடுத்து வச்சுக்கும். நேரம் போட்டு. அது இந்த ஃபோல்டர்ல இருக்கு" என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

அண்ணி ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள். பதினொன்று ஐந்து: டிரம்ஸ், வயலின், மற்றவற்றுக்கெல்லாம் கோடு இருந்தது, அந்த வாரம் முன்பே எழுதியவை. சிவப்புத் தடத்தில் எதுவும் இல்லை. பதினொன்று பத்து: முதல் நான்கு வரிக்குக் கோடு. பதினைந்து: பல்லவி முழுக்க. இருபது: சரணத்தின் பாதி. இருபத்தைந்து: பாட்டு முடிகிற வரை. ஐந்து ஐந்து நிமிடமாக அந்தக் கோடு வலது பக்கம் வளர்ந்துகொண்டே போயிருந்தது.

"அண்ணி" என்றான் ஸ்டெப்னி. அவன் குரலில் இப்போது வேடிக்கை இல்லை. "பேய் ஆடணும்னாலும் முன்னாடியே யாராவது எழுதி வச்சிருக்கணும்."

"இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு. மச்சான் சாரையும்."

அவன் ஓடினான். அந்த இடைவெளியில் காது போன வருடம் செய்த மூன்று பாட்டுகளைத் திறந்து காட்டச் சொன்னாள் அண்ணி. அவற்றின் கோடுகளைப் பார்த்தாள், நேற்றைய கோட்டைப் பார்த்தாள். பிறகு ரேடியோக்காரியின் முகத்தைப் பார்த்தாள். ரேடியோக்காரி திரையை அணைத்தாள்.

பதினொன்று ஐந்தின் நகலை இன்ஸ்பெக்டர் முன்னால் ஓடவிட்டபோது டிரம்ஸ் ஏறியது, வயலின் பணிந்தது, சிவப்பு ஃபேடர் பாட்டு முடியும் வரை அசையவே இல்லை. இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்போதும் அசையவில்லை. மச்சான் கையெழுத்துப் போட்ட தாளை இன்ஸ்பெக்டர் எடுத்து, 'சிவப்பும்தான்' என்ற வார்த்தையை நகத்தால் தடவினார்.

மச்சான், தனக்கு நேரம் மாறியிருக்கலாம் என்றார். இருபதுக்குத்தான் பார்த்திருப்பேன் என்றார். அண்ணி பதினைந்தையும் இருபத்தைந்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாள். அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடப் பாட்டுக்குப் புதுக் கோடு பதிந்திருக்கிறது. விரல் படாமல் ஒரு மில்லிமீட்டர்கூட எழுதியிருக்க முடியாது. அந்த நாற்காலியில் ஆள் இருந்தே ஆகவேண்டும்.

"நீங்க இந்தக் கண்ணாடிப் பக்கமே வரல" என்றாள் அண்ணி. "அந்தம்மா சிவப்பு ஆடிச்சுன்னு சொன்னதைக் கேட்டீங்க. விருந்தாளிங்களுக்குக் காட்டுற வித்தையை அதுல சேர்த்துக்கிட்டீங்க. எல்லா ஃபேடரும் எப்பவும் தானா ஆடும்னு நினைச்சிட்டீங்க. சரி, இங்க இல்லன்னா அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?"

மச்சான் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, இவர்கள் யார் என்னைக் கேட்க என்றார். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம், மச்சான் சாரின் கார் சாவியை வாங்கி வண்டியைச் சோதிக்கும்படி சொன்னார்.

பிறகு அண்ணியிடம் வந்தார். பல்வலி குறைந்திருந்தது. "அப்ப காது பொய் சொல்லல. இங்கேதான் இருந்திருக்கார். இதை வச்சே ஒரு வாக்குமூலம் எழுதி அவர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டா மூணரைக்கு விட்டுடலாம்."

ரேடியோக்காரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விடுவது தெரிந்தது.

அண்ணி ஐந்து நிமிடம் கேட்டாள்.

பின்படிக்கட்டில் அண்ணியும் ரேடியோக்காரியும் நின்றார்கள். ஸ்டெப்னி மேல்படியில் கதவை மறித்து உட்கார்ந்துகொண்டான்.

"உங்க வீட்டுக்காரரோட பழைய பாட்டுல எல்லாக் கோடும் ஒரே மாதிரி" என்றாள் அண்ணி. "ஒரு வார்த்தைக்கு ஏறும், திரும்பித் தரைக்கே வரும். குன்று குன்றா. அவர் டச்ல வேலை பார்க்கிறவர். நேத்தைய கோடு அப்படி இல்ல. ஏறினா அங்கேயே நிக்குது, அடுத்து தொடுற வரைக்கும். படிக்கட்டு மாதிரி. அது லாட்ச்."

ரேடியோக்காரி குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள்.

"ரேடியோவுல, போன்ல பேசுற நிருபரோட குரல் சன்னமா இருந்தா ஒரு தடவை ஏத்திட்டு விட்டுடுவீங்க, அவர் முடிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கணும், கை அடுத்த வேலைக்குப் போகணும். ரேடியோக் கைக்கு அதுதான் பழக்கம். எனக்குச் செஞ்சு காட்டினப்பவும் உங்க கை அங்கதான் போச்சு. நேத்து அந்தச் சேர்ல இருந்தது நீங்க."

கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் நகரும் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. அது நின்றதும் ரேடியோக்காரி நிமிர்ந்தாள்.

"ஆறு மாசமா" என்றாள். "அவருக்கு மேல் சுருதி கேட்கலங்க. சிம்பல் கேட்காது, ஸ், ஷ் கேட்காது. கேட்கலேன்னு ஏத்திக்கிட்டே போவார். அதான் முதலாளிக்கு ஊசியாக் குத்திச்சு. அதுவரைக்கும் சில பாட்டுதான் நான் பண்ணேன், சண்டைக்கு அப்புறம் நான்தான் சொன்னேன், இனிமே முழுக்க நானே உட்கார்றேன்னு. ஆஃபீஸ்ல லேட் பர்மிஷன் போட்டுட்டு இந்தப் படி வழியா வருவேன்."

"அவர் எங்கே போனார்?"

"பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்கு. காது டெஸ்ட்டுக்கு. பதினொண்ணரைக்குள்ள திரும்பி வந்தார், டெஸ்ட் சீட்டை என்கிட்டக் கொடுத்தார், நான் இறங்கினேன், அவர் ஏறினார். முதலாளி கிடக்கிறதைப் பார்த்து யாரோ கத்துற சத்தம் கேட்டப்ப நான் கீழே தெருவுல. பயத்துல நின்னு பார்க்காமப் போயிட்டேன். திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்துட்டுதான் வேலை செய்வேன், யாராவது வந்துடுவாங்களோன்னு. துடைக்கிற அம்மாவோட மாப்பு தெரிஞ்சப்பக் குனிஞ்சுக்கிட்டேன். மச்சான் சார் வரவே இல்ல. சேர் காலின்னு சொன்னப்பவே அவர்தான் அடிச்சார்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதை எப்படிச் சொல்றது? சொன்னா நான் எப்படி அங்க இருந்தேன்னு சொல்லணும். என் வீட்டுக்காரருக்குப் பேரே காதுங்க. நாளைக்கு எந்த மியூசிக் டைரக்டர் கூப்பிடுவான்?"

அதனால்தான் அவள் துப்பறிய ஆள் தேடி வந்திருக்கிறாள். கோடு பேசட்டும், தன் வாய் மூடியே இருக்கட்டும் என்று. இப்போது கோடு பேசிவிட்டது. இன்ஸ்பெக்டரும் பேனாவைத் திறந்துவிட்டார்.

"மேடம், அப்படியே விட்டுடக் கூடாதா?" என்றாள். "அவர் அங்க இருந்தார்னே இருக்கட்டும். அடிச்சவன் மாட்டத்தானே போறான்?"

ஸ்டெப்னி மேல்படியிலிருந்து அண்ணியைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தால் விட்டுவிடலாம் என்றுதான் சொல்லியிருப்பான்.

"மச்சானுக்கு ஒரு வக்கீல் வருவான்" என்றாள் அண்ணி. "ஒரு சவுண்ட் ஆளைக் கூட்டிட்டு வந்து இந்தக் கோட்டைக் காட்டுவான். நான் பத்து நிமிஷத்துல பார்த்ததை அவன் அஞ்சு நிமிஷத்துல பார்ப்பான். காது கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் பொய்னு ஆயிடும். பொய் சொன்னவன்தான் அடிச்சவன்னு திருப்புவான். மச்சான் வெளியே நடந்து போவான், உங்க வீட்டுக்காரர் உள்ளே போவார். அப்ப டாக்டர் சீட்டைக் காட்டினா யாரும் நம்ப மாட்டாங்க. இன்னிக்குக் காட்டினாத்தான் அது உண்மை."

ரேடியோக்காரி ஒரு படி இறங்கினாள். மறுபடி ஏறினாள். கீழே போனால் தெரு, மேலே போனால் இன்ஸ்பெக்டர். கைப்பேசியை எடுத்து மணி பார்க்கவில்லை. அதன் உறையைப் பிரித்து உள்ளேயிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை உருவினாள்.

"அவர் என்னை மன்னிக்க மாட்டார்" என்றாள்.

"மன்னிக்க மாட்டார்னா ஜெயிலுக்கு வெளியே இருந்து மன்னிக்காம இருக்கட்டும்மா" என்றான் ஸ்டெப்னி. எழுந்து கதவைத் திறந்துவிட்டான்.

அவள் உள்ளே போய், மச்சானுக்கு நேராக நின்று, இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். நேற்றுப் பத்தே முக்கால் முதல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தான் என்றாள். யார் இந்தப் பெண் என்பது போல மச்சான் அப்போதுதான் அவளை முதல் தடவையாகப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தபோது கான்ஸ்டபிள் கார் நிறுத்துமிடத்திலிருந்து வந்தான். கையில் துண்டில் சுற்றிய ஒரு கறுப்பு டிஸ்க் இருந்தது. மச்சான் அதற்கப்புறம் வக்கீல் என்ற ஒரே வார்த்தைதான் சொன்னார்.

நிலையத்துக்குப் போகும் வழியில் கார் ஒரு சிக்னலில்கூட நிற்கவில்லை. ஸ்டெப்னி நிறுத்தவில்லை என்பதே சரி. பின்னால் வந்த இன்ஸ்பெக்டரின் ஜீப் பார்க்காத மாதிரி இருந்தது.

மூன்று முப்பத்தைந்துக்குக் காதைக் கொண்டுவந்து மேசைக்கு எதிரே உட்காரவைத்தார்கள். மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்ததும் அவர் மனைவியைத்தான் பார்த்தார். தாளில் இரண்டு கோடுகள், வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று. இரண்டுமே பாதி தூரம் சமமாக வந்து, அப்புறம் செங்குத்தாக விழுந்தன. மேல் ஓரத்தில் நேற்றைய தேதி. நேரம் பதினொன்று பன்னிரண்டு.

இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார். டெஸ்ட் எடுத்த மருத்துவமனைக்குப் போன் போட்டுப் பதிவேட்டைச் சரிபார்த்துவிட்டதாகவும், பதினொன்று இருபத்தைந்துக்குத்தான் காது அங்கிருந்து கிளம்பியதாகவும் சொன்னார். கொஞ்சம் சத்தமாகவே பேசினார்.

"மெதுவாவே பேசுங்க சார். பேச்சு நல்லாக் கேட்கும்" என்றார் காது.

"இதை நேத்தே காட்டியிருந்தா நேத்தே வெளியே போயிருப்பீங்களே."

"வெளியே போய் என்ன சார் பண்றது?"

ரேடியோக்காரி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். காது அந்தப் பக்கம் திரும்பவில்லை. தாளில் கோடு விழும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தார், எடுத்தார், மறுபடி மறைத்தார். அப்புறம் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, பாட்டு என்னாயிற்று என்று கேட்டார், இன்ஸ்பெக்டரிடம் அல்ல.

"சரணம் ரெண்டாவது வரியில அந்தப் பொண்ணு அழுத்திப் பாடியிருக்கா" என்றாள் அவள். "கொஞ்சம் இறக்கினேன். கடைசி வரியில ஏத்தி விட்டுட்டேன், அப்படியே முடியட்டும்னு."

"விட்டுட்டியா?"

"திரும்ப இறக்கினா நல்லா இல்ல."

காது கண்ணை மூடிக்கொண்டார். அந்த வரியை உள்ளுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று ஸ்டெப்னிக்குக்கூடப் புரிந்தது. அவன் இருமல் வந்ததை அடக்கிக்கொண்டான். காது மெதுவாகத் தலையாட்டினார்.

இன்ஸ்பெக்டர் புதுத் தாளை இழுத்தார். சாட்சியின் வாக்குமூலம் முதலில் வேண்டும் என்றார். பெயர் எழுதினார், வயது எழுதினார், முகவரி எழுதினார். பேனாவை நிறுத்திவிட்டு ரேடியோக்காரியைப் பார்த்தார்.

"தொழில்? ரேடியோவுல என்ன போஸ்ட்டு?"

அவள் சொல்வதற்குள் காது முந்திக்கொண்டார்.

"மிக்ஸிங் இன்ஜினியர்னு போடுங்க சார். ஸ்டுடியோவுல. இந்தப் பாட்டு அவங்க பண்ணது. இதுக்கு முன்னாடி இந்த ஆறு மாசத்துல வந்ததுல நாலு பாட்டு அவங்கதான். என் பேர்ல வந்துச்சு."

அறையில் இருந்த எழுத்தர் தலை நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டர் எழுதலாமா என்று அண்ணியைப் பார்த்தார். அண்ணி ரேடியோக்காரியைப் பார்த்தாள்.

"நாலு இல்ல, அஞ்சு" என்றாள் ரேடியோக்காரி.

இன்ஸ்பெக்டர் எழுதினார்.